குறட்டை நின்ற வாரம்

"டீ ஆறுதுன்னு சொல்லு" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்து.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மகள், டீ ஆறுகிறதாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அனுப்பியவர்: அம்மா. பார்த்தது: அடுப்பை. குரல்: பக்கத்து வீடு வரை.

நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த அப்பா, தகவல் முறைப்படி வந்து சேர்ந்த பிறகுதான் டம்ளரைத் தொட்டார். சர்க்கரை கம்மி என்று பேப்பரிடம் சொன்னார். அதையும் மகள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நாக்குதான் மரத்துப்போச்சு என்று பதில் வந்தது. அதை மட்டும் கொஞ்சம் மழுப்பிச் சொன்னாள்.

மூன்று வாரமாக வீட்டில் இதே கதைதான்.

அத்தை வீட்டு விருந்தில், வந்தவர் போனவர் அத்தனை பேர் முன்னாலும், அம்மா எப்படிக் குறட்டை விடுவாள் என்று அப்பா சொன்னார். சொன்னதோடு விட்டிருந்தாலும் தேவலை. கண்ணை மூடி, வாயைத் திறந்து, விட்டும் காட்டினார். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அன்றைக்கே அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்கு வந்துவிட்டாள். அந்த மனுஷன் ரூம் பக்கம் இனிக் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று பீரோவிடம் சபதம் செய்தாள்.

அப்பா செய்துகாட்டியது கம்மிதான் என்பது மகளுக்கு முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது.

ஆனால் அவளுக்கும் ஒரு பிழைப்பு இருந்தது. சமூகவியல் கடைசி வருஷம். ஆய்வேட்டுக்கு விஷயம் தேடி அலைந்துகொண்டிருந்தாள். பேசிக்கொள்ளாத கணவன் மனைவி வீட்டுக்குள் எப்படித் தகவல் அனுப்பிக்கொள்கிறார்கள்? ஊரெல்லாம் சுற்ற வேண்டாம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும், டீயும் கிடைக்கும்.

பேராசிரியைக்கு விஷயம் பிடித்துவிட்டது. கேள்விதான் பிடிக்கவில்லை.

ஏன் பேசிக்கொள்வதில்லை என்று எழுதிக்கொண்டு போனாள். அடித்துவிட்டார். யார் மூலம் தகவல் போகிறது என்று மாற்றிக்கொண்டு போனாள். அதையும் அடித்துவிட்டார். விடை தெரிந்த கேள்வியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் வராதே என்பது அவருடைய சட்டம். இன்று மதியத்துக்குள் இவளுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால், நூலகத்தில் யார் யார் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள் என்று ஒரு வருஷம் எண்ண வேண்டியதுதான். கேள்வி கிடைக்காதவர்களுக்கென்றே பேராசிரியை கைவசம் வைத்திருக்கும் தலைப்பு அது.

இது போதாதென்று இன்னொரு பயம். போன வாரம் தோழியிடம் போனில் புலம்பினாள், இவர்கள் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டால் தன் ஆய்வேடு அம்போ என்று. புலம்பி முடித்த பிறகுதான் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்தாள். நல்லவேளை, இருவர் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

சொல்லப்போனால் அதற்குப் பிறகு சண்டை முற்றித்தான் போனது. காலில் போட்டிருக்கும் சாக்ஸ் எங்கே என்று கேட்கக்கூட அப்பா தூது விட்டார். அம்மா ஒரு தகவலை இரண்டாகப் பிரித்து அனுப்பினாள். நோட்டுப் பக்கங்கள் மளமளவென்று நிரம்பின.

ஓரமாக ஒரு குறிப்புகூட எழுதி வைத்திருந்தாள்: கோபம் முற்றினால் குறட்டை நின்றுவிடுகிறது. ஒரு வாரமாக அறையில் சத்தமே இல்லை. மகள் படுத்தால் விடிந்துதான் எழுந்திருக்கிறாள். எழுந்து பார்த்தால் அம்மா சமையலறையில் இருக்கிறாள்.

அப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கடைக்குப் போவதாகவும், யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடலாம் என்றும் செருப்பிடம் அறிவித்தார்.

மகள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மணியைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கேள்வி இன்னும் வந்தபாடில்லை.

"அந்த ரூம் பல்பு ராத்திரியெல்லாம் மினுக்கு மினுக்குன்னு உயிரை வாங்குது" என்றாள் அம்மா, பாத்திரத்தைத் தேய்த்தபடி. "நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லு."

மகள் எழுதினாள். அனுப்பியவர்: அம்மா. பார்த்தது: பாத்திரத்தை. பொருள்: பல்பு. எந்த அறை என்று எழுதப் போகும்போது பேனா நின்றது. தன் அறை பல்பு மினுக்குவதே இல்லை.

அம்மாவின் கையும் நின்றது.

ஹாலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அப்பா ஒற்றைக் காலிலேயே நின்றார்.

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா அதை நிறுத்தினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மகள் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் தலைக்கு மேலாக ஹாலைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கணுமாம்? கேளுங்க அவளை."

சொன்னது நேராக அப்பாவிடம்.

அப்பா மற்றக் காலையும் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகப் பொறுப்பாக, வார்த்தை மாறாமல் தகவலை மகளிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். குறட்டைக் குறிப்பின் மேல் ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்: சண்டை எப்போது முடிந்தது?

இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். விடை இரண்டு முகத்திலும் இல்லை.

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"தீசிஸ் முடியற வரைக்கும்னு அம்மாகிட்ட சொல்லுங்கப்பா."