உப்பு போகாத நார்த்தூள்

டெலானிபூர் குவார்ட்டர்ஸ் பால்கனியில் மதிய வெயில் கொளுத்துகிறது. போன மாதம் இறந்துபோன மகள் சங்கவி வைத்த முல்லையில் இந்த ஒரு குச்சிதான் மிச்சம். வெட்டி நட்ட மற்ற குச்சிகள் அலசாத தேங்காய் நார்த்தூளில் கருகிவிட்டன. அது கடலில் ஊறிய மட்டையின் தூள், உப்பு வேரைக் கருக்கிவிடும் என்று ஷோபனாவுக்கு அப்போது தெரியாது. இப்போது அலசி அலசி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். கரிக்கிறது. "மண்ணுலயே வெச்சிடேன்," என்கிறார் கணவர் ராஜமாணிக்கம். "இந்த மண்ணு களிமண்ணுங்க. வேரு அழுகிடும்." கடைசிக் குடத்தையும் தூளில் கவிழ்க்கிறாள். "ஏய், குழாய்ல பானி நாளன்னிக்குத்தான் வரும்! சோறு எப்படி ஆக்குவ?" அவள் ஈரத்தூளை அவரிடம் நீட்டுகிறாள். அவர் வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் விழுங்குகிறார். "உப்பே இல்லம்மா. நட்டுடு." அவளும் ஒரு சிட்டிகை நாக்கில் வைக்கிறாள். கரிக்கிறது.