தேவசிகாமணியின் கைப்பயிற்சி

“பெருவிரல எங்க கொண்டு போறிய? வெளியே விரிக்கணும்னு எத்தன தடவ சொல்லுதேன்?”

பாக்கியவதி டீச்சர் அதட்டினார். பாளையங்கோட்டையில் முப்பத்தாறு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். அதட்டலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் கணவர் தேவசிகாமணி, தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர்.

“விரிச்சா சுருக்குன்னு இழுக்கு பாக்கியம்.”

“இழுக்கத்தான் செய்யும். மணிக்கட்டுல நரம்பு நெருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னதா நீங்கதான சொன்னிய? ஒரு மாசத்துல குறையலன்னா கத்தி வைக்கணுமாம். அந்தப் பயம் வேண்டாமா?”

“பயம் இல்லாமலா இருக்கு,” என்றார் அவர். குரலில் உண்மையாகவே பயம் இருந்தது.

“அப்ப என்னையப் பாத்துச் செய்யுங்க.”

டீச்சர் இரண்டு கைகளையும் நீட்டினார். விரல்களை மூடி, நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, பெருவிரலை விரித்து, ஒவ்வொன்றையும் பத்துவரை எண்ணிக் காட்டினார். தேவசிகாமணி மணிக்கட்டை முன்னால் மடக்கினார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

காலையும் மாலையும் ஒரு மாதம் இதே கூத்துதான். எத்தனையோ மக்குப் பிள்ளைகளைக் கரையேற்றியவருக்கு இப்படி ஒரு மக்கு வாய்த்ததே இல்லை.

மாதக் கடைசியில் இருவரும் வண்ணார்பேட்டை கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் சபீதா, கைப்பிடி பலத்தை அளக்கும் கருவியைத் தேவசிகாமணியிடம் கொடுத்து அமுக்கச் சொன்னார். பிறகு அதை டீச்சரிடம் நீட்டினார்.

“எனக்கு எதுக்கு?”

“சாரோடத ஒப்பிட்டுப் பாக்கத்தான் டீச்சர்.”

டீச்சர் அமுக்கினார். டாக்டர் அவர் மணிக்கட்டையும் தட்டிப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

“நல்ல முன்னேற்றம். ஆபரேஷன் வேண்டாம்.”

“கேட்டியளா? நான் விடாம நின்னு செய்ய வச்சதாக்கும்,” என்ற டீச்சர், சத்து மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே மருந்துக்கடைக்கு இறங்கிப் போனார்.

கதவு சாத்தியதும் தேவசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒரு வலியும் கிடையாதுங்கிறத இனியாவது அவகிட்ட சொல்லிரலாமா டாக்டர்?”

“அவசரப்படாதீங்க சார். போன மாசம் டீச்சர் கைக்கு இந்தப் பயிற்சிய எழுதிக் குடுத்தப்ப, ஒண்ணாங்கிளாஸ் பிள்ள விளையாட்டுன்னு தாளத் தொடாமலே எந்திரிச்சுப் போனவங்க. இன்னும் மூணு மாசத்துக்கு நீங்க தப்பாவே செய்யுங்க.”