புதுத்துணி ஏற்கப்படாது

“போர்டுல போட்டிருக்கே ஐயா. புதுசு வாங்க மாட்டோம்” என்று மேசைக்குப் பொறுப்பான பெண் அட்டைப்பெட்டியைத் திரும்ப நீட்டினாள்.

லிப்ட் ஐயாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பெட்டிக்குள் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. குண்டூசியும் காலர் அட்டையும் அப்படியே இருந்தன, ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை.

அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் நாலு மாதமாக நடக்கிறது இந்தக் கூத்து. வீட்டில் கழித்துப்போட்ட துணியை ஆளாளுக்குக் கொண்டுவர வேண்டும். விரல் அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். நம்முடையது ஒரு பட்டை, பக்கத்தில் இருப்பவருடையது ஒன்று, எதிரே இருப்பவருடையது ஒன்று, மூன்றையும் சேர்த்துப் பின்ன வேண்டும். அந்தப் பின்னல் மேசையை விட்டு இறங்கி, தரையில் சுருண்டு சுருண்டு, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. கலை என்கிறார்கள். லிப்ட் ஐயாவுக்கு அதைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது.

அவருக்கு வேண்டியது நாற்காலி.

துணி இருந்தால்தான் நாற்காலி. தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும்.

முப்பத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தின் லிப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர். எத்தனையோ பேர் தோளை உரசிக்கொண்டு நின்றார்கள், பேசவும் பேசினார்கள். ஏழு மாடிக் கட்டடம், ஆகவே எந்தப் பேச்சும் ஏழு மாடிக்கு மேல் நீண்டதில்லை.

இங்கே அப்படியில்லை. பின்னல் முடியும்வரை பக்கத்து ஆள் எங்கே இறங்கிப் போவார்?

முதல் வாரம் யூனிபாரத்தைக் கொடுத்தார். பிறகு பேன்ட்டுகள் போயின. லுங்கி, போர்வை, தலையணை உறை, கடைசியில் ஜன்னல் திரையும் போயிற்று. விரல் அகலத்துக்குக் கிழிக்கச் சொன்னால் இவர் அரை விரல் அகலத்துக்குக் கிழிப்பார். ஒரு சட்டையை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டுவார். ‘ஐயா துணி கிழிக்கலை, நூடுல்ஸ் போடுறார்’ என்று அந்தப் பெண் கிண்டல் செய்ததில் மேசையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த பட்டையை இன்னும் மெல்லிசாகக் கிழித்தார்.

இப்போது கொடியில் ஒரு சட்டை காய்கிறது, உடம்பில் ஒன்று. அவ்வளவுதான். அலமாரியைத் துடைத்து வைத்துவிட்டார் மனுஷன்.

“புதுசை யாராவது கிழிப்பாங்களா?” என்றார் பக்கத்து நாற்காலி டீச்சர். “பையன் ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னு சொன்னீங்க. அதைப் போட்டுக்கிட்டு, போட்டிருக்கறதைக் குடுங்க. ரெண்டு காரியமும் ஆச்சு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். இதற்கு மறுப்பு என்ன சொல்ல முடியும்?

பையனைப் பற்றி மேசைக்கு எல்லாம் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆகி லிப்ட் ஐயா பாதி ஆளாக இளைத்தபோது, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன். இப்போதும் ஞாயிறு தவறாமல் வந்து அப்பாவைக் கடைக்குக் கூட்டிப் போகிறவன். செவ்வாய்க்கிழமை கூடம் திறந்து உட்கார்ந்ததும் டீச்சரின் முதல் கேள்வி, “பையன் வந்தாரா?” என்பதுதான். இவர் ஆரம்பித்தால் மத்தியானம்வரை ஓடும்.

இன்றும் செவ்வாய்க்கிழமைதான். பெட்டிச் சண்டையில் டீச்சர் இன்னும் கேட்கவில்லை. பதில் அவரிடம் தயாராக இருந்தது.

“இல்ல, இருக்கட்டும்...” என்று மழுப்பிப் பார்த்தார்.

பின்னால் ஓர் அம்மா பை நிறையப் பழந்துணியோடு நின்றுகொண்டு, அவர் நாற்காலியையே பார்த்தாள்.

லிப்ட் ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார்.

குண்டூசி எடுக்க இவ்வளவு நேரமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்தார். கழுத்துவரை பித்தான் போட்டிருந்தார். சட்டையின் கீழ்ப்பகுதியைப் பேன்ட்டுக்குள் திணித்து, கைகளை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருந்தார். பழைய சட்டையை மேசையில் வைத்து உட்கார்ந்தார்.

“அட, புது மாப்பிள்ளை” என்றார் டீச்சர்.

கத்தரியை எடுக்கக் கையை நீட்டினார். மடிப்பு அவிழ்ந்தது.

சட்டைக் கை வழுக்கி வந்து அவர் விரல்களை மூடியது. தோள் தையல் புஜத்தில் தொங்கியது. காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும்போல் இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்திய லிப்ட் ஐயாவுக்கு அந்தச் சட்டை கச்சிதமாக இருந்திருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு தன் துணியில் எதையோ தேட ஆரம்பித்தார். டீச்சர் லிப்ட் ஐயாவின் கையைத் தன் பக்கம் இழுத்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல ஒவ்வொரு மடிப்பாக மடித்துவிட்டார். நாலு மடிப்பு தேவைப்பட்டது.

பின்னல் தொடங்கியது.

டீச்சர் மின்வெட்டைப் பற்றிப் பேசினார். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். மருமகளைப் பற்றிக்கூடப் பேசினார்.

லிப்ட் ஐயா காத்திருந்தார்.

டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அன்று அவர் பட்டைகளை விரல் அகலத்துக்கே கிழித்தார். மத்தியானத்துக்குள் சட்டை தீர்ந்துவிட்டது.