ராத்திரி தங்காத விருந்தாளிகள்

கட்டிலுக்கு அடியில் வசிக்கும் பூதம் நான். பயமுறுத்துவதுதான் தொழில். ஆனால் இதுவரை என்னைப் பார்த்து அலறியது நான் மட்டும்தான், அதுவும் எதிரே இருக்கும் நிலைக்கண்ணாடியில்.

இந்த வீட்டு மனிதர்களை எனக்குப் புரிவதேயில்லை. தினமும் முப்பது பேராவது வந்து இந்தக் கட்டிலில் படுக்கிறார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உருண்டு பார்த்துவிட்டு, கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே எழுந்து போகிறார்கள். இருட்டினால் ஒருவரும் இருப்பதில்லை. பிறகு யாரைத்தான் நான் பயமுறுத்துவது?

இன்று மதியம் ஒரு சிறுமி குனிந்து பார்த்தாள். பற்களையெல்லாம் காட்டி உறுமினேன்.

"ஐயே, பல்லே தேய்க்கலையா நீ?"

மானம் போனாலும் மனம் குளிர்ந்தது. "பாப்பா, இன்னிக்கு ராத்திரி இங்கேயே தூங்குறியா?" என்று கெஞ்சினேன்.

"இரு, அப்பாகிட்ட கேக்குறேன்."

அவள் அப்பாவை இழுத்து வந்தாள். "அப்பா, எனக்கு இந்தக் கட்டில்தான் வேணும்."

"சரிம்மா, இதையே எடுத்துக்கலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குள் சீருடை போட்ட ஒருவர் ஓடி வந்தார். "சார், இது கடையில பார்வைக்கு வச்சிருக்கிறது. இதை விக்கிறதில்ல. குடோன்லேருந்து புதுசு வீட்டுக்கே வந்துரும்."

"அதுக்கு அடியிலயும் பூதம் இருக்குமா?" என்று கேட்டாள் சிறுமி.

"எல்லாம் சேர்த்துதான் வரும், பாப்பா," என்று அவர் சிரித்தார்.

என் சிறுமி ஒரு நொடி யோசித்தாள்.

"அப்போ சரி. பூதத்தை மட்டும் கொஞ்சம் பெருசா பாத்து அனுப்புங்க."