தூக்கிவிடும் பொத்தான்

மதிய வெயில் திரைச்சீலையைத் தாண்டி இரண்டு கைபேசிகளின் மேலும் விழுகிறது. அண்ணனும் தங்கையும் கட்டிலில் எதிரெதிரே சாய்ந்து ஒரே அணியில் விளையாடுகிறார்கள். விளையாட்டில் அவள் மறுபடியும் சுடப்பட்டு விழுகிறாள். உடனே அவன் ஓடிவந்து மண்டியிட்டு அவளைத் தூக்கிவிடுகிறான். "அண்ணன் இருக்கேன்ல, அப்புறம் என்ன பயம்?" இங்கே விழுந்தவரைத் தூக்கினால் புள்ளி உண்டு, விழாமல் காத்தால் ஒன்றுமில்லை. "இவ்ளோ பக்கத்துல இருந்துட்டு என்னைச் சுட்டவன ஏன் சுடல?" என்று கேட்கிறாள். "குண்டு தீந்துபோச்சுடி." கூட்டாளியின் குண்டுக்கணக்கு அவள் திரையின் மூலையிலும் தெரியும் என்பதை அவன் மறந்திருக்கிறான். அது குறையாமல் அப்படியே இருக்கிறது. இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் எதிரி ஒருவன் பதுங்கி வருவது அவள் திரையில் தெரிகிறது. "பின்னாடி யாராவது வராங்களா, பாரு." "யாருமில்லண்ணா," என்கிறாள். அவளுடைய கட்டைவிரல் தூக்கிவிடும் பொத்தானின் மேல் காத்திருக்கிறது.