பொம்மை போட்டிருந்த கோட்டு

அன்று அந்தத் துணிக்கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: என் தங்கை, அவள் மகள், விற்பனைப் பெண், மேற்பார்வையாளர், தையல் மாஸ்டர். வாசல் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையையும் சேர்த்தால் ஆறு. வேறு யாரும் இல்லை. ஆகவே இந்தக் கோட்டைப் பற்றி வெளியில் பேசுகிறவர்கள் எவரும் கண்ணால் கண்டவர்கள் அல்லர்.

மகள் நான்காவது கோட்டையும் கழற்றி விற்பனைப் பெண்ணின் கையில் போட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்குப் பதவி உயர்வு நேர்காணல். போன வருடம் தொளதொளத்த கோட்டு ஒன்றில் போனாள்; "யாரோட கோட்டும்மா இது?" என்று ஒரு அதிகாரி கேட்க, அறையே சிரித்தது. பதவி உயர்வும் கைநழுவியது.

இந்த முறை யாரையும் சிரிக்க விடுவதில்லை என்று முடிவு செய்துதான் கடைக்கு வந்திருந்தாள்.

அவள் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. உடுக்கை போன்ற உடல்வாகு. தோளுக்குச் சரியாக இருக்கும் கோட்டு இடையில் சாக்கு மாதிரி தொங்கியது. இடைக்குச் சரியானதில் பொத்தான் போட முடியவில்லை. போதாததற்கு, எதைப் போட்டாலும் இடது தோளில் மட்டும் ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றது.

"குழந்தைங்க பிரிவு மாடியில இருக்கு. அங்க பாருங்களேன்" என்றாள் விற்பனைப் பெண்.

"பார்த்தாச்சு. பொத்தான் போடலாம், ஆனா அதுக்கப்புறம் மூச்சு விடக் கூடாது."

மேற்பார்வையாளர் வந்தார். "எல்லாருக்கும் வர்ற அளவு உங்களுக்கு வரலைன்னா நாங்க என்னம்மா பண்றது? பெருசா ஒண்ணு எடுத்து மூடி மறைச்சுக்குங்க. அதுதான் மரியாதையா இருக்கும்."

"என் உடம்பு மரியாதையாத்தான் இருக்கு சார். உங்க கோட்டுதான் மரியாதை இல்லாம தொங்குது."

"பிரிச்சுத் தைக்கணும்னா நாலு நாள் ஆகும்."

"எனக்கு நாளைக்கு வேணும்."

என் தங்கை கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் இதே கடையின் தையல் பிரிவில் வேலை பார்த்தவள். அதன் பிறகு அன்றுதான் உள்ளே காலெடுத்து வைத்தாள். இப்போது உடம்பு கனத்துவிட்டது. இடது தோளிலிருந்து நழுவி நழுவி விழுந்த கைப்பையை ஏற்றிவிட்டபடி, வாசல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மகள் விடுவிடுவென்று வாசலை நோக்கி நடந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பொம்மையின் எதிரில் போய் நின்றாள். அதன் மேல் ஒரு கருநீலக் கோட்டு, இடையைப் பிடித்துக்கொண்டு கச்சிதமாக இருந்தது.

"இதைக் கழட்டிக் கொடுங்க."

"அது விக்கறதுக்கு இல்லம்மா."

"அப்ப விலை அட்டை எதுக்குத் தொங்குது? பொம்மைக்குப் படிக்கத் தெரியுமா?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "மத்த கடையில எல்லாம் பொம்மைக்கு முதுகுப் பக்கம் ஊசி குத்தி, பொருந்தற மாதிரி காட்டுவாங்க. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாதும்மா. எந்தத் துணி வந்தாலும் இந்தப் பொம்மை அளவுக்குப் பிரிச்சுத் தைச்சுத்தான் மாட்டுவேன்."

"கேட்டீங்களா? அது பொம்மை அளவு" என்றார் மேற்பார்வையாளர். "அந்த மாதிரி உடம்பு எந்த மனுஷிக்கும் கிடையாது. சும்மா ஒரு அழகுக்கு நிக்குது."

"பொருந்தலைன்னா நானே திரும்ப அதுக்குப் போட்டுவிட்டுட்டுப் போறேன். கழட்டுங்க."

மாஸ்டர் மேற்பார்வையாளரின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. என் தங்கையை ஒரு முறை பார்த்துவிட்டு, பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

உடைமாற்றும் அறைக் கதவு திறந்தது. விற்பனைப் பெண் கையிலிருந்த நான்கு கோட்டுகளையும் அப்படியே மேசையில் வைத்தாள். இடையில் சுருக்கம் இல்லை. கை சரியாக மணிக்கட்டில் முடிந்தது. இடது தோளில் அந்த ஒரு விரல் இடைவெளியும் இல்லை.

மகள் கண்ணாடியில் தோளைத் தடவிப் பார்த்தாள். "இது எப்படி மாஸ்டர்?"

"பொம்மைக்கு இடது தோள் ஒரு விரல் தாழ்வும்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அதுக்குத் தகுந்த மாதிரிதான் எப்பவும் வெட்டுவேன்."

அட்டையில் இருந்த விலையை மகள் முழுதாக எடுத்து வைத்தாள். குறைத்துக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் கெஞ்சி வாங்கியதில்லை. கோட்டைக் கழற்றாமலேயே நிமிர்ந்து நடந்தாள்.

இன்று ஊரில் சுற்றுகிற பேச்சு அப்போதுதான் பிறந்தது. அதைப் பெற்றெடுத்தவர் மேற்பார்வையாளர். விற்பனைப் பெண்ணிடம் சொல்வது போல, போகிறவள் காதில் விழும்படி சொன்னார்:

"மனுஷங்க துணி பொருந்தாம, பொம்மை துணியை உருவிப் போட்டுக்கிட்டுப் போறாங்க பாரு!"

மகள் திரும்பினாள். அவள் பதில் சொல்வதற்குள் என் தங்கை எழுந்துவிட்டாள். கடைக்குள் வந்ததிலிருந்து முதல் முறையாக அந்தப் பொம்மையை ஏறிட்டுப் பார்த்தாள். மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தப்பாச் சொல்றீங்க சார். அது பொம்மை அளவு இல்ல. இந்தப் பொம்மையைச் செய்யறப்ப மூணு நாள் ஈரக் காகிதத்தை உடம்புல ஒட்டிக்கிட்டு, அதுக்கு அச்சா நின்னவ நான்."