ஐந்து ஸ்டார் மாப்பிள்ளை

'மே 14. ஒரு சிறு தவறு: நண்பன் முத்துப்பாண்டியின் கல்யாண பேனருக்கு மணப்பெண்ணின் போட்டோ வாங்க மறந்துவிட்டேன்.'

சமயநல்லூர் பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்தபடியே எழுதி, சூரியபிரகாஷ் டைரியை மூடினான். நிச்சயத்தன்று பரீட்சை இருந்ததால் அவன் பெண்ணைப் பார்த்ததும் இல்லை.

"மாப்பிள்ளை கையில துப்பாக்கி எதுக்குண்ணே?" டிசைன் போடும் பெண் கேட்டாள்.

"இது ஜிடிஏ ஸ்டைல்மா. கார் திருடி, போலீசுக்குத் தண்ணி காட்டுற கேம். அந்த கேம் அட்டைப்படம் மாதிரியே கட்டம் கட்டமா வரணும். ஒண்ணுல மாப்ள, ஒண்ணுல புல்லட்டு, ஒண்ணுல ஹெலிகாப்டர். மேல அஞ்சு ஸ்டார்."

"ஸ்டார்னா பெருமையா?"

"குத்தம் ஏற ஏற ஸ்டார் ஏறும். அஞ்சு வந்துட்டா ஊரே துரத்தும்."

'முத்துப்பாண்டி – அஸ்வினி, கீழக்குயில்குடி' என்று டைப் அடித்தவள், நிறுத்தி, பெயர்களை மறுபடி படித்தாள். பொறுப்பான பெண் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டான். வேறொரு நண்பனின் கல்யாணத்தில் அவன் எழுதிய பேனர் வாசகத்தைப் பார்த்துப் பெண் வீட்டார் பாதிப் பந்தியில் எழுந்துவிட்டார்கள். "இந்தத் தடவை அஸ்வினி மனசு கோணுச்சுன்னா, உன் சகவாசமே வேணாம் மாப்ள" என்று முத்துப்பாண்டி சொல்லி அனுப்பியிருந்தான்.

"நீயே சொல்லும்மா. இதைப் பாத்தா அந்தப் பிள்ளை கோவிச்சுக்குமா?"

"என்ன குத்தம்னு தெரிஞ்சாத்தான சொல்ல முடியும்? ஸ்டாருக்கு ஒண்ணாச் சொல்லுங்க. கணக்காப் போட்டிருவோம்."

முறையாகக் கேட்டால் அவனும் முறையாகப் பதில் சொல்லிவிடுவான்.

"ஒண்ணு, பொண்ணு பாக்கப் போன புல்லட்டு இரவல். ரெண்டு, டிகிரி முடிச்சிட்டேன்னு சொல்லியிருக்கான். இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கி. சாயங்கால வகுப்புல எனக்குப் பக்கத்து சீட்டு. மூணு, நல்லாச் சமைப்பேன்னு விட்டிருக்கான். சுடுதண்ணியவே தீய விட்டவன்மா அவன்."

"நாலு?"

"தெனம் அந்தப் பிள்ளைக்குக் கவிதை அனுப்புறான்ல. அம்புட்டும் நான் எழுதிக் குடுக்கிறது."

அவள் மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

"'மாட்டுத்தாவணிக்கு வரும் மல்லியெல்லாம் உன்னிடம் வாசம் கடன் கேட்கும்'னு நேத்து வந்துச்சே, அதுவுமாண்ணே?"

அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள், திரையில் அஸ்வினி என்ற பெயருக்கு மேலே காலியாக இருந்த கட்டத்தில் அவளுடைய போட்டோ வந்து உட்கார்ந்தது.

"ஸ்டார் அஞ்சும் அப்படியே இருக்கட்டும். அஞ்சாவது என்னன்னு அவருகிட்டயே கேட்டுக்கிறேன். நாளைக்குப் பத்து மணிக்கு பேனர் வாங்க அவரையே வரச் சொல்லுங்க. நேத்து அனுப்புன கவிதையப் பாக்காமச் சொன்னாத்தான் தருவேன்." சிரிப்பை அடக்கிக்கொண்டு சேவ் பண்ணினாள்.

பஸ் ஏறியதும் சூரியபிரகாஷ் டைரியை எடுத்தான்.

'நாளைய வேலை: காலை பத்து மணிக்குள் முத்துப்பாண்டியை ஒரு கவிதை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும்.'